கொலுப்படி முதல் போகி வரை... ஒரே அலங்காரம் போதும்!

மூன்று வருஷத்துக்கு முந்தைய போகி அது. விடியற்காலையில் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் தீ மூட்டியிருந்தார்கள். நானும் ஒரு சாக்கு மூட்டையை இழுத்து வந்து வாசலில் கொட்டினேன். கொலுவுக்கு வாங்கிய தெர்மாகோல் கோபுரம், தீபாவளிக்குக் கட்டிய பிளாஸ்டிக் சாமந்தித் தோரணம், எரியாமல் போன சீரியல் லைட், ஜிகினாத் தாள் என்று நாலு மாசத்தில் காசு கொடுத்து வாங்கிய அலங்காரம் அத்தனையும் அந்த மூட்டையில் இருந்தது.

தீ பிடித்த கொஞ்ச நேரத்தில் கறும்புகை வீட்டுக்குள் திரும்பிவிட்டது. உள்ளே என் மாமியார் படுத்திருந்தார். சின்ன வயதிலிருந்து தறியில் உட்கார்ந்து பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர். இழுப்பு வந்துவிட்டது. அந்த வருஷப் பொங்கலை ஆஸ்பத்திரியில்தான் கழித்தோம். வீடு திரும்பிய பிறகு அத்தை என்னைத் திட்டவில்லை. "ஏம்மா, கொளுத்தறதுக்காகவா இவ்ளோ காசு போட்டு வாங்கின?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனி எந்த அலங்காரப் பொருளை வாங்குவதற்கு முன்னாலும் ஒரே கேள்விதான்: 'போகியன்று இது என்ன ஆகும்?' அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நவராத்திரி முதல் பொங்கல் வரை எங்கள் வீட்டை எப்படி மாற்றி மாற்றி அலங்கரிக்கிறோம் என்பதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தறி வீட்டில் இடமும் இல்லை, நேரமும் இல்லை

திருத்தணிக்கு அருகே, ஆர்.கே.பேட்டை பக்கம் இருக்கிற எங்கள் அம்மையார்குப்பம் நெசவாளர்கள் ஊர். பல வீடுகளில் கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும். மீதி இடத்தில்தான் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் படிப்பு, பண்டிகை எல்லாமே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்கள்தான் வேலை கழுத்தை நெரிக்கும் காலம். தார் சுற்றிவிட்டு, சமைத்துவிட்டு, அதன் பிறகு வீட்டை அலங்கரிக்க உட்கார்ந்தால் கண் சொக்கும்.

பண்டிகைகளும் மூச்சு விட விடாது. விஜயதசமி முடிந்து மூன்று வாரத்துக்குள் தீபாவளி. அங்கிருந்து கார்த்திகை தீபம் சில வருஷம் அரை மாசத்திலேயே வந்துவிடும், சில வருஷம் ஒன்றரை மாசம் ஆகும். பிறகு மார்கழிக் கோலம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, போகி, பொங்கல். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஆரம்பித்தால் பணமும் போகும், இடுப்பும் போகும். அதனால் மூன்று பொருளை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டோம்.

மாறாத மூன்று

முதலாவது, படி. கொலுவுக்கு டிரங்குப் பெட்டிகள் மேல் பலகை போட்டுக் கட்டும் ஐந்து படிகளில் கீழ் இரண்டைக் கலைப்பதில்லை. தை வரை அவை அங்கேயே இருக்கும். பெட்டிக்குள் வழக்கம்போல துணிமணி இருப்பதால் இடமும் வீணாகாது.

இரண்டாவது, சந்தன நிறத்தில் ஒரு பருத்திப் புடவை. இதுதான் படி விரிப்பு. அதன் மேல் குறுக்கே போட நாலு விரல் அகலக் கரைத் துண்டுகள், அரக்கு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில். பழைய புடவையின் கரையைக் கிழித்து ஓரம் அடித்தாலே போதும். விரிப்பு அப்படியே இருக்க, கரையை மட்டும் மாற்றினால் கூடத்தின் முகமே மாறிவிடும்.

மூன்றாவது, நூல் தோரணம். பாவு முடியும்போது தறியில் மிஞ்சும் நூல்களை எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் கொடுப்பார்கள். அவற்றை மூன்று புரியாகப் பின்னி, ஒரு சாணுக்கு ஒரு குஞ்சம் கட்டி, குஞ்சத்துக்குப் பக்கத்தில் சின்ன வளையம் விட்டால் தோரணம் தயார். பண்டிகைக்குத் தகுந்த பொருளை அந்த வளையத்தில் மாட்டலாம், கழற்றலாம். தறி இல்லாத ஊரில் இருப்பவர்கள் தையல் கடையில் மிஞ்சும் துண்டுத் துணியைப் பின்னிக்கொள்ளலாம்.

நவராத்திரி: வாடாமல்லிக்கு முதல் வேலை

அரக்குக் கரை போட்டுப் பொம்மைகளை அடுக்குகிறோம். மேல்படியில் மரப்பாச்சி ஜோடி. மரப்பாச்சி செய்யும் செம்மரம் எல்லை தாண்டி ஆந்திராவின் சேஷாசலம் மலைக்காடுகளில் வளர்வது. நம் பக்கத்து மலையின் மரம் என்று சொல்லிக் கொடுத்ததில் இருந்து பிள்ளைகளுக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

கொலுப் பூங்காவுக்குத் தெர்மாகோலை விட்டுவிட்டோம். காலி நூல் கோன்கள் அட்டையில் செய்தவை. பச்சைத் தாள் ஒட்டினால் மரம், காவி பூசினால் கோபுரம். தட்டில் மண் பரப்பிக் கடுகும் வெந்தயமும் தூவினால் மூன்று நாளில் பச்சை விரிப்பு முளைத்துவிடும்.

தோரணத்தில் வாடாமல்லிச் சரம். பண்டிகை வாரத்தில் சாமந்தி விலையைக் கேட்டால் தலை சுற்றும்; வாங்கினாலும் இரண்டு நாளில் வாடிவிடும். வாடாமல்லி காய்ந்தாலும் நிறம் விடாது. காம்போடு கொத்தாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் பொங்கல் வரை கைகொடுக்கும். ஒரே முறை வாங்கிய அந்தப் பூதான் எங்கள் தோரணத்தில் கடைசி வரை இருக்கிறது.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் மேல் மூன்று படியைப் பிரிக்கிறோம். பொம்மைகளைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம்.

தீபாவளி: மழையை மறக்காதீர்கள்

கீழ் இரண்டு படியில் இப்போது பித்தளைக் குத்துவிளக்கு, மஞ்சள் தடவிய புதுத் துணி, பட்சணத் தட்டு. அரக்குக் கரையோடு மஞ்சள் கரையும் சேர்ந்தால் போதும். தோரணத்தில் மாவிலை ஏறும்.

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். வாசலில் காகித அலங்காரம் ஒரு மழைக்குக் கூழாகிவிடும். அதனால் வெளியே மாவிலையும் செம்மண் பட்டையும் மட்டும். பெரிய கோலத்தைத் திண்ணையிலோ கூடத்திலோ இழைக்கோலமாகப் போட்டுவிடுங்கள். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் போட்டால் காய்ந்த பிறகு நாலைந்து நாள் தாங்கும்.

தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி தொடங்கிவிடும். மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்கும்போது, முருகன் சினம் தணிந்த மலை என்பதால் திருத்தணியில் சம்ஹாரம் கிடையாது, பூக்களால் அர்ச்சனைதான். வீட்டிலும் அப்படியே. விளக்கை நகர்த்தி முருகன் படத்தை வைத்து, ஒரு கிண்ணம் உதிரிப்பூ. வேறு எதுவும் வாங்குவதில்லை.

கார்த்திகை: அன்று தோரணத்தைக் கழற்றிவிடுங்கள்

இந்த ஒரு பண்டிகைக்கு அலங்காரத்தைக் குறைக்க வேண்டும். நூலும் பஞ்சுத் தூசியும் உள்ள வீட்டில் ஒரு பொறி போதும். தீபத்தன்று நூல் தோரணம், கரைத் துண்டு, விரிப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் படிகளை வெறும் பலகையாக விடுகிறோம். தறி இருக்கும் பக்கம் விளக்கே கிடையாது. பலகையில் மணல் பரப்பிய தாம்பாளம், அதில் அகல். பிள்ளைகள் பாவாடை சுழன்று வரும் வழியில், தரையில் விளக்கு வைக்காதீர்கள்.

புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால் எண்ணெய் குடிக்காது. பழைய அகலைச் சீயக்காய் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் புதுசாகிவிடும். வருஷத்துக்கு ஆறு மட்டும் புதிதாக வாங்குகிறோம், குயவர் வீட்டுக்கும் வேலை வேண்டுமே.

வட மாவட்டங்களில் தீபத்துக்குப் பிறகு குப்பைக் கார்த்திகை என்று ஒன்று உண்டு. குப்பைமேட்டிலும் ஒரு விளக்கு வைப்பார்கள். அன்றைக்கு நாங்கள் அலங்காரப் பெட்டியைத் திறந்து பார்க்கிறோம். காய்ந்த மாவிலையும் பூவும் எருக்குழிக்குப் போகும். நூலும் துணியும் வெயிலுக்குப் போகும்.

மார்கழி: வாசலே அலங்காரம்

மார்கழியில் வீட்டுக்குள் எதையும் மாற்றுவதில்லை. புள்ளிக் கோலம், நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ. அவ்வளவுதான். பூசணிக்கொடியை ஆடியிலேயே கொல்லையில் போட்டுவைத்தால் பூவுக்கு அலைய வேண்டாம்.

கிறிஸ்துமஸ் கொண்டாடும் தோழிகளும் இதே முறையைப் பின்பற்றலாம். தோரண வளையத்தில் காகித நட்சத்திரம், சந்தன விரிப்பின் மேல் பச்சைக் கரை, கீழ்ப்படியில் குடில். கொலுவுக்கு முளைக்கவிட்ட மாதிரியே கேழ்வரகை முளைக்கவிட்டால் குடிலுக்குப் புல்தரை. பச்சைத் தாள் ஒட்டிய நூல் கோன்தான் மரம். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அப்படியே வைத்திருக்கலாம்.

டிசம்பர் 31 அன்று திருத்தணியில் படித்திருவிழா. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது. வருஷத்தின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, பூ வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே மலையேறுவார்கள். ஒரு மலைக்கே இவ்வளவு போதும் என்றால் நம் வீட்டு இரண்டு படிக்கு எவ்வளவு வேண்டும்? அன்று எங்கள் படிகளுக்கும் மஞ்சள் குங்குமம்தான்.

போகி, பொங்கல்: திரும்பவும் கொலு

திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இந்தப் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சுதான். ஆந்திராவில் பல வீடுகளில் சங்கராந்திக்குத்தான் 'பொம்மல கொலுவு' வைப்பார்கள். போகியன்று இலந்தைப் பழத்தோடு பூவும் காசும் கலந்து குழந்தைகளின் தலையில் கொட்டி திருஷ்டி கழிப்பார்கள். இந்தப் பழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். இருக்கிற இரண்டு படியில் ஐந்தாறு பொம்மைகளைத் திரும்ப வைக்கிறோம். மஞ்சளும் பச்சையுமாகக் கரை. தோரணத்தில் வாடாமல்லியோடு பூளைப்பூவும் மஞ்சள் கொத்தும். மூலையில் இரண்டு கரும்பு. பொங்கல் முடிந்ததும் கரும்பும் மஞ்சளும் சமையலறைக்கு வந்துவிடும்.

2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னைக்கு வந்த விமானங்களையே திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறது. வாங்காமல் இருந்தால் கொளுத்த வேண்டிய தேவையே வராது. போன போகிக்கு எங்கள் வாசலில் நாலு வறட்டியும் பழுதான ஒரு கோரைப் பாயும்தான் எரிந்தன. அத்தை திண்ணையில் உட்கார்ந்து பேத்தி தலையில் இலந்தைப் பழம் கொட்டினார்.

ஒரு பெட்டியில் அடங்கும் பட்டியல்

* சந்தன நிறப் பருத்திப் புடவை 1
* அரக்கு, மஞ்சள், பச்சைக் கரைத் துண்டுகள்
* வளையம் வைத்த நூல் தோரணம் 2 (ஒன்று துவைக்கப் போனால் இன்னொன்று)
* காய்ந்த வாடாமல்லி, காற்றுப் புகும் துணிப்பையில்
* காலி நூல் கோன் 6, அகல் 20, மணல் பரப்ப ஒரு தாம்பாளம்
* பூச்சி வராமலிருக்க வசம்பு, காய்ந்த வேப்பிலை

தை மாசம் இதையெல்லாம் துவைத்து, வெயிலில் உலர்த்தி உள்ளே வைத்துவிட்டால் அடுத்த மகாளய அமாவாசைக்குப் பெட்டியைத் திறந்தால் போதும். கடைக்குப் போக வேண்டியது ஒரு கொத்து வாடாமல்லிக்கு மட்டும்தான்.