கடைத்தெருவில் வாகன நிறுத்தம்

தில்லி சாந்தினி சௌக்கில், செங்கோட்டைக்கும் பத்தேபூரி மசூதிக்கும் இடைப்பட்ட சாலையில், காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்கு 2021-ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் வரத்துக் குறையும், சரக்கு ஏற்றி இறக்க இயலாது என்பன வணிகர் எழுப்பிய மறுப்புகள். இரண்டாவது புறக்கணிக்கத் தக்கதன்று. மொத்த வாணிபம் நடைபெறும் தெருவில் சரக்கு வாராவிடில் தொழிலே நடவாது. முதலாவது அத்துணை வலுவுடையதன்று. ஒரே கார் 12 மணி நேரம் அடைத்துக்கொள்ளும் இடத்தில், அரை மணிக்கொன்றாக 24 கார்கள் நின்று செல்லலாம். அந்த ஒரு கார் கடைக்காரருடையதாகவே இருப்பதும் உண்டு!

திறந்தவெளியில் காரொன்றுக்கு 23 சதுர மீட்டர் நிலம் வேண்டுமெனத் தில்லியின் 2021 பெருந்திட்டம் வகுத்தது. எளிய குடும்பங்கள் பல இதனினும் சிறிய இடத்தில் வாழ்கின்றன. நிறுத்தக் கட்டணம் நிலத்தின் உண்மை மதிப்பைக் காட்டுதல் வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 117-ஆம் பிரிவின்படி, நிறுத்துமிடங்களை மாநில அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ உள்ளாட்சி மன்றத்தைக் கலந்து வரையறுக்கலாம். வணிகரையும் நடந்து செல்வோரையும் கலந்தாலோசிக்குமாறு அப்பிரிவு கூறவில்லை. எனவே, அறிவிப்புப் பலகை நாட்டப்பட்ட பின்னரே பல ஊர்களில் வாக்குவாதம் தொடங்குகிறது.