காட்டுக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள்

தேயிலைச் செடி முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. கேமரன் மலையில் வாழும் நமக்கு இது புதுச் செய்தி அல்ல. 'தினம் பார்க்கிற காடுதானே' என்ற அந்த எண்ணம்தான் ஆபத்து. பள்ளி விடுமுறை வந்துவிட்டால், இரண்டு பிஸ்கட் பொட்டலமும் ஒரு போத்தல் தண்ணீருமாக நம் இளவட்டங்கள் மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள்.

1967ஆம் ஆண்டு மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுக்கு உலகப் புகழ் தேடித் தந்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகே ஒரு பங்களாவில் விருந்தினராகத் தங்கியிருந்தார். வயது 61. பிற்பகலில் மற்றவர்கள் ஓய்ந்திருந்த வேளை, தனியே வெளியே சென்றவர் திரும்பவில்லை. போலீசாரும் பூர்வகுடியினரும் உட்பட நூற்றுக்கணக்கானோர் நாள்கணக்கில் தேடியும் தடயம் அகப்படவில்லை. போர்க்காலத்தில் காட்டில் பிழைக்கும் பயிற்சி பெற்றவர் அவர். என்ன நேர்ந்தது என்பது இன்றளவும் புதிர். எந்தப் பக்கம் போனார் என்று தெரியாததால், எல்லாத் திசையிலும் தேட வேண்டியதாயிற்று. நமக்குப் பாடம் அதுதான்.

இப்போது வெளிநாட்டவருக்கு அவரவர் வயது, உடல்பலம், விருப்பம் பார்த்துக் காட்டுப் பயணம் வகுத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பெருந்தொகை வாங்குகிறார்கள். அவர்கள் விற்பது காட்டையா? இல்லை, முன்யோசனையை. அது நம் வீட்டுக் குசினி மேசையில் காசில்லாமல் கிடைக்கும்.

முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு மலையைப் பாருங்கள். கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பவரோ, அவர் நடைதான் எல்லாருக்கும் நடை. குனோங் பிரிஞ்சாங் 2,000 மீட்டருக்கு மேல் உயரம்; உச்சிவரை சாலை உண்டு. அதன் அருகிலுள்ள குனோங் ஈராவ் 2,110 மீட்டர். அங்கே சேறும் வேரும்தான் பாதை. பாசி மூடிய தரை திடமாகத் தோன்றும், கால் வைத்தால் உள்ளே இறங்கும். வழி திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று காட்டிலாகாவில் கேளுங்கள். காட்டை அறிந்த பூர்வகுடியினர் வழிகாட்ட வந்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது நேரம். காலையிலேயே புறப்படுங்கள், பிற்பகலில் பனிமூட்டமும் மழையும் சேர்ந்து வரும். திரும்பும் நேரத்தை முன்பே குறியுங்கள். உச்சி எட்டாவிட்டாலும் அந்நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

பையில் மழைச்சட்டை, உலர்ந்த கம்பளிச் சட்டை, டார்ச்லைட், விசில், சோற்றுப் பொட்டலம், அட்டைக்கு உப்பு ஆகியவை இருக்கட்டும். கைப்பேசியை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளத்தில் அதற்குத் தொடர்பு கிடைக்காது.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: போகிறவர் பெயர், போகும் வழி, திரும்பும் மணி மூன்றையும் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். மணி தாண்டினால் அம்மா தண்டலிடம் சொல்லட்டும், போலீசுக்கு 999இல் சொல்லட்டும். வெட்கமோ பயமோ வேண்டாம்.

வழி தவறினால்? ஓடையைப் பிடித்துப் போனால் ஊர் வரும் என்பார்கள். இம்மலையில் ஓடை அருவியாகப் பாறையில் விழும். எனவே நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஒன்றாகச் சேர்ந்து உட்காருங்கள். மும்மூன்று முறை விசில் ஊதுங்கள். நனைந்த உடம்புக்கு இம்மலையின் இராக்குளிர் ஆகாது. உலர்ந்த சட்டையை உடனே மாட்டுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகளைக் காட்டுக்குப் போகாதே என்று தடுக்க வேண்டாம். நம் பாட்டன் பூட்டன் திருத்திய மண்ணுக்கு மேலே இருக்கும் காட்டை அவர்களும் அறியட்டும். தாளும் பென்சிலும் மட்டும் முதலில் கையில் கொடுங்கள்.