காலிக் கட்டமா? கவலையை விடுங்க!

காலையில் பேப்பர் வந்ததும் நீங்கள் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள்? தலைப்புச் செய்தியா, ராசிபலனா? உத்தமபாளையத்தில் இருக்கும் என் தாய்மாமா நேராகப் புதிர் இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுவார். ரிட்டையர்டு தமிழ் வாத்தியார். டீ ஆறுவதற்குள் பாதிக் கட்டங்கள் நிரம்பிவிடும். வீட்டில் வேறு யாராவது அவருக்கு முன்னால் பேனாவை வைத்துவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும்!

அப்பேர்ப்பட்ட மனிதர் போன வருஷம் ஒருநாள் பேனாவைக் கீழே வைத்தார். அதோடு சரி. ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. "மாமாவுக்கு மறதி வந்துருச்சு போல தம்பி, எனக்குப் பயமா இருக்கு" என்று அத்தை போனில் அழுதார்.

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் மாமா எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தைகளைச் சொல்லிவிடுகிறேன்.

குறுக்கெழுத்து வெளிநாட்டுச் சரக்குதான். 1913 டிசம்பர் 21-ல் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் போட்டது முதல் புதிர். நம் ஊரில் 1930-களில் எஸ்.எஸ்.வாசன் 'ஆனந்த விகட'னில் போட்டியாக வைத்து வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார். பரிசுப் பணத்துக்காக ஜனங்கள் பித்துப் பிடித்து அலைந்த காலமும் உண்டு. மாதத்துக்கு மொத்தம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளுக்கு 1955-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதிக்கும் அளவுக்குப் போயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சரக்கு வெளிநாடு என்றாலும், சாவி நம்மிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தோமே, நன்னூல், அதுதான் சாவி! எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும், எதுக்குப் பக்கத்தில் எது உட்காரும் என்று பவணந்தி முனிவர் 13-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எப்படி என்கிறீர்களா? எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு ஊர்ப் பெயர் கேட்கிறார்கள் என்று வையுங்கள்: ளை, ம், த, உ, ம, பா, த், ய. எட்டு எழுத்து. பார்த்தால் தலை சுற்றுகிறது, இல்லையா? நிதானமாகப் பாருங்கள். 'உ' உயிரெழுத்து. அது தனியாக வந்தால் சொல்லின் முதலில்தான் வரும். முதல் கட்டம் முடிந்தது. 'த்' வந்தால் அதற்கு அடுத்து த வரிசைதான் உட்கார முடியும். க், ச், ப் மூன்றுக்கும் இதே கதைதான். (சக்தி, பக்தி போன்ற வடசொற்கள் விலக்கு.) ஆக 'த்த' ஒட்டிக்கொண்டது. 'ம்' அனேகமாகக் கடைசி. மிச்சம் ம, பா, ளை, ய. இவ்வளவு தூரம் வந்த பிறகு 'பாளையம்' கண்ணில் படாமலா போகும்? மாமாவின் ஊரேதான்!

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. ரயில், லட்டு, டம்ளர் எல்லாம் வந்தேறிகள். க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லுக்குக் கடைசியில் நிற்காது. கடைசிக் கட்டம் புள்ளி எழுத்து என்று தெரிந்தால் முதலில் ம், ன், ர், ல், ள், ய் என்று போட்டுப் பாருங்கள். அதேபோல, எண் போட்ட கட்டத்தில் ஒரு சொல் தொடங்குவதால் அங்கே புள்ளி எழுத்து வராது. காலிக் கட்டத்துக்கு அடுத்து 'ச' இருந்து, சொல் 'ம_சள்' என்று நின்றால், ச-வின் ஜோடி ஞ்! ங்-க, ண்-ட, ந்-த, ம்-ப, ன்-ற எல்லாம் இப்படித்தான். கம்பம் என்று எழுதிப் பாருங்கள், ஜோடி தெரியும்.

ஒரு எச்சரிக்கை. குறிப்பில் 'கலைந்து', 'குழம்பி', 'திரும்பி' என்று இருந்தால் இந்த விதி எதுவும் செல்லாது. அங்கே எழுத்துக்கள் இடம் மாறித்தான் நிற்கும். 'நதி திரும்பி வந்து கை வை என்கிறது' என்றால் வைகை. 'தலையில்லாத' என்றால் முதல் எழுத்தை வெட்டுங்கள். 'வாலில்லாத' என்றால் கடைசி எழுத்தை.

ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போட்டே தீருவேன் என்று மல்லுக்கட்டாதீர்கள். தெரிந்ததை முதலில் போடுங்கள், பென்சிலில். மாட்டிக்கொண்டால் எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வாருங்கள். குளிக்கும்போது விடை தானாக வந்து நிற்கும். செல்போனில் தினம் ஒரு சொல் கண்டுபிடிக்கும் ஆட்டத்துக்கும் (2021-ல் வந்த வேர்டில் மாதிரி) இதே விதிகள் தமிழில் கைகொடுக்கும். படுக்கையில் படுத்துக்கொண்டு ஆடாதீர்கள், தூக்கம் கெடும்.

சரி, இதனால் மூளைக்கு லாபம் உண்டா? அமெரிக்காவில் கொலம்பியா, டியூக் பல்கலைக்கழக டாக்டர்கள் 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லேசான ஞாபகக் குறைவு இருந்த 107 பேர், 78 வாரம். ஒரு பாதிப் பேர் கம்ப்யூட்டரில் குறுக்கெழுத்து போட்டார்கள், மறுபாதி வேறு மூளை விளையாட்டுகள் ஆடினார்கள். குறுக்கெழுத்துக்காரர்கள்தான் கொஞ்சம் முந்தினார்கள். ஆனால் எதுவுமே ஆடாத மூன்றாவது கோஷ்டி அந்த ஆய்வில் இல்லை. அதனால் 'புதிர் போட்டால் மறதி நோய் வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பி.பி., சர்க்கரை, காது கேளாமை, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு இவையெல்லாம் மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களில் அடக்கம் என்று 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் குழு சொல்லியிருக்கிறது.

ஒரு சொல் நாக்கு நுனியில் நின்று, அப்புறம் ஞாபகம் வந்தால் பயப்பட வேண்டாம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, சில்லறைக் கணக்கு குழம்புவது... இப்படி இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

மாமாவுக்கு இதில் எதுவும் இல்லை. உட்கார வைத்துக் கேட்டேன். "கட்டத்துல நம்பரே தெரியல மாப்ள. பனி மூட்டம் மாதிரி இருக்கு. வெளிய சொன்னா ஆபரேஷன்னு கூட்டிட்டுப் போயிருவீங்களே!"

கண் புரை! இதுக்குத்தான் அத்தை ஒரு மாசம் தூங்காமல் கிடந்தார். தேனியில் கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்துக்கு 1985-லிருந்தே அங்கே கிளை இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற தூரம். உங்கள் வீட்டுப் பெரியவர் திடீரென்று பேப்பரை ஒதுக்கினால், "மறதியா?" என்று கேட்பதற்கு முன்னால் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்.

இரண்டு கண்ணும் முடிந்து, சொட்டு மருந்தெல்லாம் நின்றபின் போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் கேள்வி வந்துவிட்டது: "மாப்ள, தலை போன மேகமலையில கிணத்துத் தண்ணி இறைக்கலாம். மூணு எழுத்து. சொல்லு பார்ப்போம்!"

எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நீங்களும் முயன்று பாருங்கள். மாட்டுக்கு வேலை கொடுத்த பழைய சாமான் அது.