உங்களுக்குத் தெரியுமா? யாழ்ப்பாணத்துச் சாதியைத் திரைக்குக் கொண்டுவந்த ‘பொன்மணி’

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ, காவலூர் ராஜதுரையின் திரைக்கதையைக் கொண்டு 1977இல் உருவாக்கிய ‘பொன்மணி’, சாதி கடந்து காதலிக்கும் ஓர் இளம்பெண்ணையும், சீதனம், அதாவது பெண்வீட்டார் மணமகனுக்குக் கொடுக்கவேண்டிய காசும் காணியும், சேராததால் கலியாணமின்றிக் காத்திருக்கும் அவளுடைய அக்காவையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக் காட்டுகிறது. எழுத்தாளரும் மருத்துவப் பேராசிரியருமான நந்தி அதில் நடித்தார். தென்னிந்தியப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகிய இரசிகர்கள் அன்று அதைக் கைவிட்டாலும், ஈழத்துத் தமிழ்த் திரையில் சாதியை இவ்வளவு நேராகப் பார்த்த படைப்பு அரிது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில், கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இருந்த, திரைப்படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் தீக்கிரையானபோது படச்சுருள்கள் பலவும் எரிந்துபோயின. ஆனால் ‘பொன்மணி’ இன்றும் பார்க்கக் கிடைக்கிறது.