வெற்றி முழக்கமா, வீட்டு நினைவா? போர்க்காலப் பாடல்கள் வீரர்களின் மன உறுதியைக் காத்தது எப்படி?

புதுடெல்லி: இந்திய - சீனப் போர் ஓய்ந்து இரண்டு மாதங்களே கடந்திருந்த நிலையில், 1963 ஜனவரி 27 அன்று டெல்லி தேசிய விளையாட்டரங்கில் நிதி திரட்டும் கலை நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பிரதமர் ஜவஹர்லால் நேரு ஆகியோர் முன்னிலையில் லதா மங்கேஷ்கர் அன்று ஒரு புதிய பாடலைப் பாடினார். கவி பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்த 'ஏ மேரே வதன் கே லோகோ' என்பதே அப்பாடல். அதைக் கேட்டு நேரு கண்கலங்கியதை லதா பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

1,300-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து, தோல்வியின் துயரில் நாடு மூழ்கியிருந்த காலம் அது. அத்தகைய வேளையில் மக்களைத் தட்டியெழுப்ப வீறுகொண்ட போர்ப்பாட்டே தேவை என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால், மக்கள் மனத்தில் நிலைத்த பாடலின் மையம் வெற்றி முழக்கம் அன்று. வீடு திரும்பாதவர்களை மறந்துவிடக் கூடாது என்ற வேண்டுகோளே.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விந்தை அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் பெரும் போர்களில் அரசுகள் வீரர்கள் பாட வேண்டும் என விரும்பிய பாடல்களும், வீரர்கள் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட பாடல்களும் பல நேரங்களில் வேறுபட்டே இருந்தன.

போருக்காக எழுதப்படாத போர்ப்பாட்டு

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் அடையாளமாகவே மாறிய 'இட்ஸ் எ லாங் வே டு டிப்பரேரி' என்ற பாடல், போருக்காக எழுதப்பட்டதே அல்ல. ஜாக் ஜட்ஜ் என்ற மேடைக் கலைஞர் 1912-ல் அரங்கேற்றிய கேளிக்கைப் பாடல் அது. லண்டனில் வாழும் அயர்லாந்து இளைஞன், தொலைவில் உள்ள தன் ஊரையும் காதலியையும் எண்ணி ஏங்குவதே அதன் பொருள்.

1914 ஆகஸ்டில் பிரான்ஸின் பூலோன் துறைமுக நகரில் வந்திறங்கிய 'கன்னாட் ரேஞ்சர்ஸ்' படைப்பிரிவினர் இப்பாடலைப் பாடியபடி நடந்து சென்றதை 'டெய்லி மெயில்' நாளிதழின் செய்தியாளர் எழுதினார். அச்செய்திக்குப் பிறகு பாடலின் புகழ் வேகமாகப் பரவியது. நடைக்கு ஏற்ற தாளமும், ஊர் நினைவைத் தூண்டும் சொற்களும் அதில் ஒன்றாக இணைந்திருந்தன.

அதே போரில் கடல் கடந்து பணியாற்றிய 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் குரல்களுக்கும் ஓர் அரிய சான்று உள்ளது. ஜெர்மானியரிடம் பிடிபட்ட இந்திய வீரர்கள் பெர்லின் அருகே வுன்ஸ்டார்ஃப் முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களின் பேச்சையும் கதைகளையும் பாடல்களையும் ஜெர்மானிய அறிஞர்கள் மொழி ஆய்வுக்காக இசைத்தட்டுகளில் பதிவு செய்தனர். பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் இன்றும் உள்ள அப்பதிவுகளில், ஊருக்குத் திரும்பும் ஏக்கம் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

இரு தரப்பும் கேட்ட பாடல்

வீரர்கள் எதைக் கேட்க விரும்பினர் என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 'லிலி மார்லீன்'. ஜெர்மானிய வீரராக இருந்த ஹான்ஸ் லைப், 1915-ல் போர்முனைக்குப் புறப்படுமுன் எழுதிய கவிதை அது. பாசறை வாயிலில் விளக்கடியில் காத்திருக்கும் காதலியை அது நினைவுகூர்கிறது. நார்பெர்ட் ஷூல்ட்சே இசையமைக்க, லாலே ஆண்டர்சன் 1939-ல் அதைப் பாடிப் பதிவு செய்தார். தொடக்கத்தில் அந்த இசைத்தட்டை வாங்கியவர்கள் மிகக் குறைவு.

1941-ல் யூகோஸ்லாவியாவைக் கைப்பற்றிய ஜெர்மானியப் படை, பெல்கிரேடில் வீரர்களுக்கான வானொலி நிலையத்தைத் தொடங்கியது. கைவசம் இருந்த சில இசைத்தட்டுகளில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு நாளும் இரவு 10 மணிக்குச் சற்று முன்பாக இப்பாடல் ஒலிபரப்பானது. நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு இச்சோகப் பாடல் பிடிக்கவில்லை. அது போர்க்குணத்தைக் குலைக்கும் என அவர் கருதினார். ஆயினும், ஒலிபரப்பு நிறுத்தப்பட்டபோது வீரர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்ததால் பாடல் மீண்டும் ஒலித்தது.

அதைவிட வியப்பு, எதிரணியினரும் அதைக் கேட்டதுதான். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டனின் எட்டாவது படையினர், மொழி புரியாமலேயே அப்பாடலுக்காக வானொலியைத் திருப்பினர். இந்தியாவின் 4-வது டிவிஷனும் இடம்பெற்றிருந்த படை அது. எதிரியின் பாட்டைத் தம் வீரர்கள் முணுமுணுப்பதைத் தடுக்க இயலாத பிரிட்டிஷார், இறுதியில் அதற்கு ஆங்கில வடிவத்தையே உருவாக்கினர்.

'மறக்கப்பட்ட படை'யைத் தேடி வந்த பாடகி

இதே தயக்கம் பிரிட்டனிலும் இருந்தது. 1939-ல் வெளிவந்த 'வி வில் மீட் அகெயின்' என்ற பாடலால் புகழ்பெற்ற வேரா லின், 1941 நவம்பர் முதல் பிபிசி வானொலியில் வீரர்களுக்கான நிகழ்ச்சியை நடத்தினார். பாடல்களுக்கு இடையே வீட்டாரின் செய்திகளை வாசிப்பதும், குழந்தை பிறந்த செய்தியைக் களத்தில் உள்ள தந்தைக்குத் தெரிவிப்பதும் அந்நிகழ்ச்சியின் சிறப்பு. போரில் பிரிட்டன் பின்னடைவைச் சந்தித்த அந்நாட்களில், கண்ணீர் வரவழைக்கும் பாடல்கள் வீரர்களைக் கோழைகளாக்கும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் முறையிட்டனர். 1942-ல் பிபிசியும் உணர்ச்சி மிகுந்த பாடல்களைக் கட்டுப்படுத்த முற்பட்டது. வீரர்களிடையே வேரா லின்னின் செல்வாக்கு மட்டும் குறையவில்லை.

1944-ல் அவர் எகிப்து, இந்தியா வழியாகப் பர்மா போர்முனைக்கு வந்து வீரர்கள் முன் பாடினார். அங்கிருந்த பதினான்காவது படையில் பெரும்பான்மையினர் இந்திய வீரர்கள். ஐரோப்பியப் போர்ச் செய்திகளுக்கிடையே நாளிதழ்கள் கண்டுகொள்ளாததால், 'மறக்கப்பட்ட படை' என்றே அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டனர். அத்தகையோருக்கு ஒரு பாடகி நேரில் வந்ததே, தாம் மறக்கப்படவில்லை என்பதற்கான சான்றாக இருந்தது.

நடை தந்த வலிமை: 'கதம் கதம் படாயே ஜா'

அப்படியானால் வீறுகொண்ட அணிவகுப்புப் பாடல்களால் பயனே இல்லையா? அதே பர்மா போர்முனையின் மறுபக்கத்தில், பிரிட்டிஷாரை எதிர்த்து நின்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவம் இதற்கு விடை தருகிறது. வன்ஷீதர் சுக்லா எழுதிய 'கதம் கதம் படாயே ஜா' என்ற நடைப்பாடலுக்கு, கூர்க்கா படையிலிருந்து வந்த ராம்சிங் தாகுரி இசையமைத்தார்.

அந்த ராணுவத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பணியாற்றிய தமிழ்த் தொழிலாளர்களும் பெருமளவில் சேர்ந்திருந்தனர். ஹிந்துஸ்தானியைத் தாய்மொழியாகக் கொள்ளாத அவர்களையும், பஞ்சாபிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்களையும் ஒரே அணியில் ஒரே தாளத்தில் நடக்கச் செய்தது இப்பாடல். போருக்குப் பின் ஆங்கிலேய அரசு இதைத் தேசத்துரோகப் பாடல் எனத் தடை செய்தது. விடுதலைக்குப் பின்பே தடை நீங்கியது. இன்று இது இந்திய ராணுவத்தின் அணிவகுப்பு இசைகளுள் ஒன்று.

ஒன்றாகப் பாடி நடப்பதன் ஆற்றலை ஆய்வாளர்களும் கவனித்துள்ளனர். அமெரிக்க வரலாற்று அறிஞர் வில்லியம் மெக்நீல், 1941-ல் தாம் ராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது பெற்ற அணிவகுப்புப் பயிற்சியை நினைவில் கொண்டு, உடல்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது பிறக்கும் பிணைப்பைப் பற்றி 1995-ல் ஒரு நூலே எழுதினார். பாடுதல், ஆடுதல், முரசடித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களின் வலி தாங்கும் திறன் உயர்வதாகவும், இசையைக் கேட்பதால் மட்டும் அந்த விளைவு ஏற்படுவதில்லை என்றும் ராபின் டன்பார் தலைமையிலான ஆக்ஸ்போர்டு குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

எனவே, போர்ப் பாடல்களின் பணி இரு வகைப்படும். நடைப்பாடல் பகல் நேரத்துக்கு உரியது. தோளோடு தோள் நிற்பவருடன் ஒருவரைப் பிணைக்கிறது. பிரிவுப் பாடல் இரவு நேரத்துக்கு உரியது. தொலைவில் உள்ள வீட்டுடன் பிணைக்கிறது. முன்னதை ராணுவம் கற்பிக்க முடியும். பின்னதை வீரர்களே தேர்ந்தெடுக்கின்றனர்.

தணிக்கையை ஏமாற்றிய கவிஞர்

இந்தியாவில் போர்க்காலப் பாடலுக்கு மற்றொரு பணியும் இருந்தது. 1943-ல் வெளியான 'கிஸ்மத்' இந்தித் திரைப்படத்தில், அந்நியர்களை நாட்டைவிட்டு விலகிப் போகச் சொல்லும் பாடல் ஒன்று இடம்பெற்றது. அதில் ஜெர்மனி, ஜப்பான் ஆகியவற்றின் பெயர்கள் இருந்ததால், பிரிட்டனின் எதிரிகளைச் சாடும் பாடல் எனத் தணிக்கைத் துறை அனுமதித்தது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் அடக்கப்பட்ட அக்காலத்தில், யாரை நோக்கிய பாடல் அது என்பது திரையரங்குகளில் இருந்தவர்களுக்கு நன்கு புரிந்தது. உண்மையை அரசு உணர்ந்தபோது, கைதாவதைத் தவிர்க்கக் கவிஞர் தலைமறைவாக நேர்ந்தது. அவர்தான் 20 ஆண்டுகளுக்குப் பின் லதா பாடிய பாடலை எழுதிய கவி பிரதீப்.

1962-க்குப் பிறகு

சீனப் போருக்குப் பின் திரைக்கலைஞர்கள் எல்லைக்கே செல்லத் தொடங்கினர். சுனில் தத், நர்கிஸ் தம்பதியின் 'அஜந்தா ஆர்ட்ஸ்' குழு எல்லைப்புற முகாம்களில் நிகழ்ச்சிகள் நடத்தியது. அகில இந்திய வானொலியின் விவித் பாரதி, வீரர்களுக்கான 'ஜெய்மாலா' நிகழ்ச்சியில் அவர்கள் விரும்பிய பாடல்களை ஒலிபரப்பியது.

அப்போரைக் களமாகக் கொண்டு சேத்தன் ஆனந்த் இயக்கிய 'ஹகீகத்' திரைப்படம் 1964-ல் வெளியானது. கைஃபி ஆஸ்மி எழுத, மதன் மோகன் இசையமைத்த அதன் பாடல்களுள் முகமது ரஃபி உள்ளிட்ட நால்வர் இணைந்து பாடிய ஒன்று, பனிமலையில் சிக்கிய வீரர்கள் தத்தம் வீட்டை நினைப்பதாக அமைந்தது. அதே போரைப் பின்னணியாகக் கொண்டு சிவாஜி கணேசன், சாவித்திரி நடிப்பில் 1963-ல் வெளிவந்த தமிழ்ப் படம் 'இரத்தத் திலகம்'. அதில் போர்க்களப் பாடல்களும் இருந்தன; எனினும் பல தலைமுறைகளாகக் கல்லூரிப் பிரிவு விழாக்களில் ஒலித்து வருவது, கண்ணதாசன் எழுதிய 'பசுமை நிறைந்த நினைவுகளே' என்ற பிரிவுப் பாடலே.

1971 வங்கதேச விடுதலைப் போரில் வானொலிப் பாடல் ஓர் ஆயுதமாகவே விளங்கியது. சிட்டகாங் அருகே காலூர்காட்டில் மார்ச் 26 அன்று தொடங்கிய 'ஸ்வாதீன் பங்களா பேதார் கேந்திரா' நிலையத்தைப் பாகிஸ்தான் விமானங்கள் சில நாட்களிலேயே குண்டுவீசித் தாக்கின. திரிபுராவுக்கு இடம்பெயர்ந்த அந்நிலையம், மே 25 முதல் கொல்கத்தாவிலிருந்து இயங்கி, களத்தில் இருந்த முக்தி வாஹினி வீரர்களுக்கும் அஞ்சி வாழ்ந்த குடும்பங்களுக்கும் பாடல்களைக் கொண்டு சேர்த்தது.

அதே ஆண்டு நடந்த லோங்கேவாலா சண்டையை மையமாகக் கொண்டு 1997-ல் வெளியான 'பார்டர்' திரைப்படத்தின் புகழ்பெற்ற பாடலும் கடிதத்தைப் பற்றியதே. ஜாவேத் அக்தர் எழுதிய 'சந்தேசே ஆதே ஹைன்', ஊரிலிருந்து வரும் கடிதங்கள் வீரனிடம் கேட்கும் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழல்கிறது.

ஏக்கம் ஆயுதமானபோது

வீட்டு நினைவு எப்போதும் வலிமை தருமா என்ற கேள்வி நியாயமானதே. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்க வீரர்களின் மனத்தைத் தளரச் செய்ய, ஜப்பானிய வானொலி அமெரிக்கப் பாடல்களையே பெண் அறிவிப்பாளர்களைக் கொண்டு ஒலிபரப்பியது. வீரர்கள் அவர்கள் அனைவருக்கும் 'டோக்கியோ ரோஸ்' எனப் பொதுப்பெயர் சூட்டி, பாடல்களை ரசித்தனரே தவிர, பிரசாரத்தைப் பொருட்படுத்தவில்லை.

கோயபல்ஸின் கணிப்பும், பிபிசியின் அச்சமும், டோக்கியோவின் திட்டமும் ஒரே இடத்தில் பிழைத்தன. பிரிவுத் துயரைப் பாடல் உண்டாக்குவதில்லை. அது வீரனின் நெஞ்சில் முன்பே இருக்கிறது. பாடல் அதற்குச் சொல் தருகிறது. அத்துயர் தனக்கு மட்டும் உரியதன்று என்றும் உணர்த்துகிறது. தன்னை நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பும் வீரனே அடுத்த நாளையும் தாங்குகிறான்.

அந்த நம்பிக்கை பாடலோடு முடிந்துவிடக் கூடாது என்பதையும் 'ஏ மேரே வதன் கே லோகோ'வின் வரலாறு காட்டுகிறது. அதன் உரிமைத்தொகை, போரில் கணவரை இழந்த பெண்களுக்கான நிதிக்குச் சேர வேண்டும் எனப் பிரதீப் அறிவித்திருந்தார். பாடல் ஆண்டுதோறும் குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் ஒலித்தபோதும், நிலுவையாக ரூ.10 லட்சத்தை அந்நிதிக்குச் செலுத்துமாறு இசைத்தட்டு நிறுவனத்துக்கு மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2005 ஆகஸ்டில்தான். அப்போது பாடல் பிறந்து 42 ஆண்டுகள் கடந்திருந்தன. அதை எழுதிய பிரதீப் காலமாகி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.