2.0: டவரா, குருவியா?

ஷங்கரின் 2.0 படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2018 நவம்பர் 29-ல் வெளியானது. அப்போது நான் இன்ஜினியரிங் மாணவன். தர்மபுரியில் குடும்பத்தோடு போனோம்.

செல்போன்கள் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையானதும் அக்கா மகன் கைதட்டினான். என் நண்பனுக்கோ ஏமாற்றம். எந்திரன் (2010) படத்தில் இருந்த சுஜாதாவின் குறும்பு இதில் இல்லையாம்.

அம்மா மட்டும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "நம்ம மாடியில டவர் வைக்க விட்டதாலதான் குருவி வரலையாடா?"

அந்த வாடகையில்தான் என் காலேஜ் ஃபீஸ் கட்டினோம். "சினிமாதானேம்மா" என்று சமாளித்தேன். பிறகுதான் தேடிப் படித்தேன்.

டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரே போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. 2012 செப்டம்பரில் நம் அரசு டவர் கதிர்வீச்சின் வரம்பை, சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. குருவிகள் குறைய டவர்தான் காரணம் என்று உறுதியாகவில்லை. பூச்சிமருந்தால் குஞ்சுகளுக்குப் புழு கிடைப்பதில்லை. கூடு கட்ட இடமும் இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "ஓட்டு வீட்டை இடிச்சுத்தானே இந்த மாடியைக் கட்டினோம்? அப்ப நாமதான்" என்றார்.

அடுத்த வாரம் மாடியில் ஓர் அட்டைப் பெட்டியும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்தார். நீங்களும் வைத்துப் பாருங்களேன்!