வெள்ளக் காலத்தில் மாற்று மின்னஞ்சல் வழங்கி

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆத்தூர்ப் பகுதி வெள்ளத்துக்குள்ளாக, மாவட்டத்தின் பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுபட்டன. இத்தகைய வேளையில் ஒரு கல்லூரியின் மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) நின்றுவிட்டால், அதற்கு வரும் ஆய்வுக் கட்டுரைகள் என்னவாகும்?

அவை அழிந்துவிடும் என்பது பிழையான கருத்து. ஒவ்வொரு இணையப் பெயருக்கும் உரிய அஞ்சல் வழங்கிகள் முன்னுரிமை எண்களுடன் பதிவாகியிருக்கும். சிறிய எண்ணுடையதே முதன்மையானது. அது விடையளிக்காதபோது அனுப்பும் வழங்கி அடுத்ததை நாடும். அம்மாற்று வழங்கி மடலை ஏற்று வரிசையில் வைத்திருந்து, முதன்மை வழங்கி மீண்டதும் ஒப்படைக்கும். அதுவரை பெறுநர் மடலைப் படிக்க இயலாது. மாற்று வழங்கியே இல்லையெனினும், அனுப்பும் வழங்கி நான்கைந்து நாள்களேனும் முயல வேண்டும் என்பது நெறிமுறை.

உண்மையான இடர் வேறு. பெறுநர் பட்டியல் பழையதாயின், மாற்று வழங்கி 'அம்முகவரி இல்லை' என 550ஆம் எண்ணால் மறுக்கும். மடல் உடனே அனுப்பியவரிடம் திரும்பும், மறுமுயற்சி நிகழாது. வாளா நின்ற வழங்கியால் தாமதம் மட்டுமே நேர்ந்திருக்கும். பட்டியலே இன்றி அனைத்தையும் ஏற்றாலோ, குப்பை மடல்கள் அவ்வழியே நுழையும்.

இரு வழங்கிகளையும் தூத்துக்குடியிலேயே வைப்பதிலும் பயனில்லை. அவ்வெள்ளத்துக்கு இரு வாரங்களுக்கு முன் மிக்ஜாம் புயலால் சென்னையும் நீரில் நின்றது. எனவே மாற்று வழங்கிக்குக் கோவை போன்ற உள்நாட்டு நகரமே ஏற்றது எனலாம்.